குழலின் கோடுகளைப் படிப்பது: டமாஸ்கஸ், லேமினேட்டட் எஃகு பற்றிய ஓர் ஆய்வு

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று விற்பனைக்கோ மதிப்பீட்டுக்கோ வந்தால், அதன் குழலைப் பற்றி இரண்டு பெயர்கள் அடிபடும்: டமாஸ்கஸ், லேமினேட்டட் எஃகு. சுருள் சுருளாகக் கோடு தெரிந்தால் முதலாவது, கோடு கலைந்து குழம்பித் தெரிந்தால் இரண்டாவது என்று நின்ற இடத்திலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படிக் கட்டிய முடிவுகளில் பல நிற்பதில்லை. பெயர் பிசகினால் அதை வைத்துச் சொல்லும் நாடு, காலம், தரம், விலை எல்லாம் கூடவே பிசகுகின்றன.

இந்தக் குழப்பத்துக்கு வேர் 19ஆம் நூற்றாண்டு வியாபாரத்தில் இருக்கிறது. ஒரே கோலத்துக்கு பெல்ஜியத்தின் லியேஜில் ஒரு பெயர், பர்மிங்ஹாமில் ஒரு பெயர், அமெரிக்க விலைப்பட்டியலில் இன்னொரு பெயர். ஒரே பெயர் மூன்று ஊரில் மூன்று தரத்தைக் குறித்தது. ஆகவே பெயரில் தொடங்கி குழலுக்குப் போகிற வழி பயன்படாது. கொல்லர் எதை எதோடு அடுக்கினார், எத்தனை கம்பிகளை முறுக்கினார், எந்தப் பக்கமாக முறுக்கினார், எப்படிச் சுற்றினார் என்பதைக் குழலின் மேற்பரப்பிலிருந்தே திரும்பக் கட்டியெழுப்ப முடியும். அதைச் செய்து முடித்த பிறகு பெயர் வைத்தால் போதும் என்பது என் நிலைப்பாடு.

தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். தமிழ்நாட்டில் டமாஸ்கஸ் எஃகு என்றவுடன் நம் ஊர் மூசை உருக்கின் நினைவு வரும். கொடுமணல், மேல்சிறுவளூர் போன்ற இடங்கள் அந்த உருக்குத் தொழிலோடு தொடர்புடையவை. தென்னிந்தியாவிலிருந்து போன, ஊட்ஸ் எனப்படும் இந்த உருக்கில் மேற்காசியாவின் புகழ்பெற்ற வாள்கள் பல அடிக்கப்பட்டன. 1820 வாக்கில் மைக்கேல் பாரடே போன்றவர்கள் லண்டனில் அதன் இரகசியத்தைத் தேடினார்கள். அந்த வாள்களில் தெரியும் நீரோட்டக் கோலம் மூசைக்குள் உருகி, மெல்ல ஆறி, பிறகு அளவான சூட்டில் அடிபட்ட ஒரே உருக்குக்குள் இருந்து வருவது. துப்பாக்கிக் குழலின் கோலம் அப்படிப்பட்டதல்ல. அது இரண்டு வேறு உலோகங்களை, இரும்பையும் எஃகையும், அடுக்கி ஒட்டி முறுக்கியதால் வருவது. இரண்டுக்கும் பொதுவானது பெயரின் கவர்ச்சி மட்டுமே. எனவே பெல்ஜியத்துக் குழலைக் காட்டி, இது நம்முடைய ஊட்ஸ் என்று பெருமைப்பட இடமில்லை.

ஆனால் இந்தியாவுக்கு இந்தக் கதையில் வேறொரு உண்மையான இடம் உண்டு. அக்பர் காலத்தில் அபுல் ஃபசல் எழுதிய அயினி அக்பரியில் துப்பாக்கிக் குழல் செய்யும் முறை பற்றிய பகுதி இருக்கிறது. இரும்பைத் தட்டையாக்கி, சாய்வாகச் சுற்றி, மடிப்பின் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, படிப்படியாகச் சூடேற்றி ஒட்டும் முறையை அவர் சொல்கிறார். நீளவாக்கில் ஒரே பொருத்து விட்ட குழல் அந்தப் பொருத்தில்தான் கிழியும். பட்டையைச் சாய்வாகச் சுற்றினால் வெடிமருந்தின் அழுத்தம் பொருத்தை நேராகப் பிளக்க முடியாது. ஐரோப்பியர்கள் 18ஆம் நூற்றாண்டில் துருக்கியக் குழல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலையின் அடிப்படையும் இதே அறிவுதான். கீழைநாட்டுக் கொல்லருக்கும் லியேஜ் கொல்லருக்கும் அழகு இரண்டாம் பட்சம். குழல் வெடிக்கக்கூடாது என்பதே முதல் கவலை.

இனி குழல் பிறக்கும் விதம். மெல்லிய இரும்புத் தகடுகளையும் எஃகுத் தகடுகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உலையில் வெண்சூடு ஏற்றி, அடித்து ஒரே கட்டியாக்குவார்கள். அந்தக் கட்டியை நீட்டி விரல் தடிமனுக்கும் குறைவான சதுரக் கம்பிகளாக இழுப்பார்கள். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையைச் சுழற்றினால் அதன் நான்கு மூலைகளும் திருகாணியின் மரை மாதிரி ஏறும். இந்தத் துறையில் இன்றும் முதலில் புரட்டப்படும் நூல் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் 1881இல் வெளியிட்ட ‘தி கன் அண்ட் இட்ஸ் டெவலப்மென்ட்’. நேர்த்தியான வேலையில் ஓர் அங்குலத்துக்குப் பதினெட்டு முழுச் சுற்று வரை முறுக்குவார்கள், கம்பியின் நீளம் கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிடும் என்கிறார் அவர். இந்த முறுக்கே ஒரு சோதனை. உள்ளே ஒட்டாத இடம் இருந்தால் கம்பி அங்கேயே பிளந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

முறுக்கிய கம்பியைக் கயிற்றில் சொல்வது போல இங்கே புரி என்று சொல்கிறேன். இடப்பக்கம் முறுக்கிய ஒரு புரி, அதன் அருகில் வலப்பக்கம் முறுக்கிய இன்னொரு புரி, வேண்டுமானால் மூன்றாவது, நான்காவது என்று பக்கவாட்டில் அடுக்கி மீண்டும் உலையில் வைத்து ஒட்டினால் ஒரு நீண்ட பட்டை கிடைக்கும். அந்தப் பட்டையைச் சூடாக ஓர் இரும்புத் தண்டின்மேல் சுருளாகச் சுற்றுவார்கள். தோட்டா அறைப் பக்கத்துக்குத் தடித்த பட்டை, வாய்ப் பக்கத்துக்கு மெல்லிய பட்டை. பிறகு அந்தச் சுருளைச் சிறிது சிறிதாக வெண்சூடேற்றி, நிமிர்த்திப் பிடித்து, முனையை இரும்புப் பாளத்தில் ஓங்கிக் குத்துவார்கள். அந்த அதிர்ச்சியில் சுற்றுகளின் ஓரங்கள் ஒன்றையொன்று நெருக்கி ஒட்டிக்கொள்ளும். அதன்பின் உள்ளே தண்டு வைத்துச் சுற்றிலும் அடித்து இறுக்குவார்கள். துளை போட்டு, வெளியே கடைந்து அரம் போட்டு முடிக்கும்போது, உலைக்குப் போன உலோகத்தில் பெரும்பகுதி செதிலாகவும் தூளாகவும் போயிருக்கும்.

இந்தக் கட்டத்தில் குழலில் கோலம் எதுவும் தெரியாது. வெறும் பளபளப்பான இரும்புக் குழாய்தான். அமில, உப்புக் கரைசல் பூசி, துரு ஏறவிட்டு, கொதிநீரில் காட்டி, கம்பித் தூரிகையால் தேய்த்து, மறுபடி பூசி, இப்படிப் பல தடவை செய்த பிறகே இரும்பும் எஃகும் வெவ்வேறு அளவில் நிறம் பிடித்துப் பிரிந்து தெரியும். ஆங்கிலேயர்கள் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில் நிறுத்திக்கொண்டார்கள். பெல்ஜியத்தில் அமிலத்தை ஆழமாகக் கடிக்கவிட்டுக் கறுப்பும் வெள்ளியுமாக முடிப்பது வழக்கம். நல்ல பெல்ஜியக் குழலில் நகத்தை மெல்ல ஓட்டினாலே மேடு பள்ளம் தட்டுப்படும். நிறத்தை மட்டும் வைத்து நாட்டைச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் முதல் தடயமாக அதைக் கணக்கில் எடுக்கலாம்.

இப்போது குழலைப் பகல் வெளிச்சத்தில், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸோடு பார்ப்போம். முதலில் தேட வேண்டியது சுருளை அல்ல, பட்டையின் ஓரத்தை. குழலைச் சுற்றிச் சாய்வாக ஏறிப் போகும் ஒரு மெல்லிய கோடு இருக்கும். அதைக் கடந்தால் கோலம் சற்றே தடுக்கி மீண்டும் தொடங்கும். அதுதான் பட்டையின் ஓரங்கள் ஒட்டிய பொருத்துக்கோடு. அடுத்த சுற்றின் பொருத்துக்கோடு வரை உள்ள அகலம் ஒரு பட்டை. அந்த அகலத்துக்குள் எத்தனை வரிசைச் சுருள்கள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன என்று எண்ணினால் அதுவே புரிகளின் எண்ணிக்கை. இரண்டு வரிசை என்றால் இரண்டு புரி, மூன்று என்றால் மூன்று. பொருத்துக்கோட்டைக் கண்டுபிடிக்காமல் எண்ணுகிறவர் ஒரு பட்டையின் கடைசிப் புரியையும் அடுத்த சுற்றின் முதல் புரியையும் சேர்த்து எண்ணிவிடுவார். ஆறு புரி என்று விற்கப்படும் குழல்கள் நிதானமாக எண்ணும்போது மூன்றாகச் சுருங்குவது இதனால்தான்.

அடுத்தது முறுக்கின் திசை. அருகருகே உள்ள வரிசைகளில் கோடுகள் எதிரெதிராகச் சாய்ந்தால் புரிகள் மாற்றி மாற்றி முறுக்கப்பட்டவை. பிறகு ஒரு வரிசையில் ஓர் அங்குலத்துக்குள் எத்தனை சுருள் வருகிறது என்று பார்க்க வேண்டும். சுருள் நெருங்க நெருங்க முறுக்கு இறுக்கம், வேலை மிகுதி, விலையும் மிகுதி. இந்த மூன்று தகவல்கள் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

எளிய குழல்களில் சுருளே இருக்காது. வெறும் இரும்புப் பட்டையைச் சுற்றிச் செய்ததில் பொருத்துக்கோடு மட்டும் தெரியும். இரும்பையும் எஃகையும் அடுக்கிய பட்டையை முறுக்காமல் அப்படியே சுற்றினால் குழலைச் சுற்றி இணைகோடுகள் ஓடும். ட்விஸ்ட் என்று அமெரிக்கப் பட்டியல்கள் சொன்னது பெரும்பாலும் இதைத்தான். குதிரை லாடத்தின் பழைய ஆணித் துண்டுகளைச் சேர்த்து உலையில் சூடேற்றி ஒட்டியடித்துச் செய்த ஸ்டப் ட்விஸ்ட் என்ற வகையும் இங்கிலாந்தில் ஒரு காலத்தில் உயர்வாக மதிக்கப்பட்டது. லாட ஆணிக்கு நல்ல இரும்பைத்தான் போட்டார்கள் என்பது அதற்குக் காரணம். அதில் கோலம் சிறு சிறு புள்ளியும் திட்டுமாகக் கலைந்திருக்கும். இவற்றை இனங்காணுவதில் பெரிய சிக்கல் இல்லை.

சிக்கல் தொடங்குவது முறுக்கிய புரிகளில். ஆங்கிலேயர்கள் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த கம்பியை முறுக்கினார்கள். அதில் வளைவுகள் தெளிவான கோடுகளாக, கொஞ்சம் பெரிதாக வரும். பெல்ஜியர்கள் சிறு சதுரக் குச்சிகளை இரும்பு, எஃகு, இரும்பு, எஃகு என்று சதுரங்கக் கட்டம் போல அடுக்கி ஒரு கம்பியாக்கினார்கள். அதை முறுக்கியபோது பொடிப் பொடியான சுருள்கள் பூத்தன. க்ரோல் எனப்படும் அந்தக் கோலம்தான் உலகம் முழுக்க இன்று டமாஸ்கஸ் என்றவுடன் நினைவுக்கு வருவது. அடுக்கும் விதத்தை மாற்றி, பெர்னார் எனப்படும் வகையில் சுருளுக்குப் பதிலாக வளைந்தும் நெளிந்தும் ஏறும் வரிகளை வரவழைத்தார்கள். கம்பியைத் தொடர்ந்து முறுக்காமல் இடைவிட்டு முறுக்கினால் சங்கிலிக் கண்ணி போன்ற கோலம் கிடைத்தது. அடுக்கும் கட்டத்தின் வெட்டுமுகத்திலேயே வடிவத்தை அமைத்து, எழுத்துகளையே குழலின் மேல் வரவழைத்த லியேஜ் கைவினைஞர்களும் உண்டு. அங்கே ஓர் எழுத்தை லென்ஸில் பார்க்கும்போது, அது வரைந்ததல்ல, உலோகத்துக்குள் ஆழம் வரை அப்படியே இருப்பது என்பது புரியும். மனிதக் கை இரும்பில் செய்த நுட்பமான வேலைகளில் அதை நான் மிக உயர்ந்த இடத்தில் வைப்பேன்.

கோலத்தைப் படிப்பவர்கள் அதிகம் கவனிக்காத ஒன்று, அது ஆழத்தைப் பொறுத்து மாறும் என்பது. முறுக்கிய புரியின் மேல்தோலில் சாய்கோடுகள் இருக்கும். அதை அரைத்து நடுப்பகுதிக்குப் போகப் போக அதே புரி வளைவுகளாகவும் சுருள்களாகவும் மாறும். அதாவது ஒரே புரி எவ்வளவு அரம் பட்டது என்பதைப் பொறுத்து இரண்டு முகம் காட்டும். தடித்த தோட்டா அறைப் பகுதியிலும் மெல்லிய வாய்ப் பகுதியிலும் கோலம் வேறாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். நசுங்கிய இடத்தை உள்ளிருந்து தூக்கி மேலே தேய்த்துச் சமப்படுத்தியிருந்தால், அந்த விரல் அகல இடத்தில் மட்டும் சுருள் நீண்டு கோடாகியிருக்கும். அப்படி ஒரு திட்டைக் கண்டால் அது பழுது பார்த்த இடம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில் சுவரின் தடிமனையும் அளக்க வேண்டும்.

இந்தக் கட்டுரையின் நடுநாயகமான கேள்விக்கு வருகிறேன். லேமினேட்டட் எஃகு என்பது எது?

டமாஸ்கஸுக்கும் லேமினேட்டட்டுக்கும் உள்ள வேறுபாடு முறுக்கில் இல்லை. இரண்டையும் முறுக்குவார்கள், இரண்டையும் இரண்டு மூன்று புரிகளாகச் சேர்த்துப் பட்டையாக்குவார்கள், இரண்டையும் ஒரே மாதிரிதான் சுற்றுவார்கள். வேறுபாடு முறுக்குவதற்கு முந்தைய கட்டத்தில். டமாஸ்கஸில் இரும்பும் எஃகும் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. லேமினேட்டட்டில் எஃகுத் துண்டுகளும் இரும்புத் துண்டுகளும் கலந்து ஒன்றாக உருளைக் கட்டியாக்கி, அடித்து, தகடாக உருட்டி, வெட்டி, அடுக்கி, மீண்டும் அடித்து, இப்படிப் பலமுறை பிசைந்தெடுத்தவை. எஃகின் பங்கு அதிகம். ஒழுங்கு என்று ஒன்று முதலிலேயே இல்லாததால், முறுக்கிய பிறகும் அது வராது.

எனவே லென்ஸின் கீழ் சோதனை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒரு புரியில் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்து அது போகும் வழியில் தொடர்ந்து போக வேண்டும். டமாஸ்கஸில் அந்தக் கோடு வளைந்து ஓரத்தில் மறைந்து, அடுத்த சுற்றில் அதே தடிமனில், அதே இடத்தில் மீண்டும் வரும். அருகில் உள்ள கோடுகளின் எண்ணிக்கையும் சுற்றுக்குச் சுற்று மாறாது. லேமினேட்டட்டில் கோடு ஓரிடத்தில் தடித்து, இன்னோரிடத்தில் மெலிந்து, திடீரென்று இரண்டாகக் கிழிந்துவிடும், அல்லது தீர்ந்தே போய்விடும். அடுத்த சுற்று முந்தைய சுற்றின் நகலாக இராது. சுருள் இருக்கிறதா என்று கேட்காமல், சுருள் திரும்பத் திரும்ப ஒன்றேயாக வருகிறதா என்று கேட்க வேண்டும்.

இந்தச் சோதனையையும் ஏமாற்றக் கூடிய மூன்று நிலைகள் உண்டு. தேய்ந்து நிறம் போன க்ரோல் குழலில் மெல்லிய கோடுகள் மறைந்து தடித்தவை மட்டும் நிற்பதால், பார்ப்பதற்கு லேமினேட்டட் போலிருக்கும். மலிவான டமாஸ்கஸில் அடுக்கும்போதே தகடுகள் நகர்ந்திருந்தால் ஒழுங்கு குலைந்திருக்கும். குழல் பலமுறை பட்டறைக்குப் போய் மேற்பரப்பு தேய்க்கப்பட்டிருந்தால் புரியின் வேறு ஆழம் வெளியே வந்திருக்கும். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் மருந்து ஒன்றுதான்: குழலுக்கு அடியில் உள்ள மர முன்கட்டையைக் கழற்றி, கைபடாத அடிப்பகுதியைப் பார்ப்பது. கோலம் அங்கே அசலாக இருக்கும்.

தரத்தைப் பற்றிய தலைகீழ்ப் புரிதலும் இங்கேதான் வருகிறது. இங்கிலாந்தில் நல்ல லேமினேட்டட் எஃகு உயர்ந்த வகையாக மதிக்கப்பட்டது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை பலவகைக் குழல்களை வெடிக்கும்வரை சுமையேற்றிப் பார்த்த சோதனைகளின் முடிவுகள் 1891இல் வந்தபோது, முதலிடம் பிடித்தது மூன்று புரி ஆங்கில லேமினேட்டட் எஃகுதான். அழுத்தி வார்த்த விட்வொர்த் எஃகு அதற்குப் பின்னால் நின்றது. ஆனால் அமெரிக்க விலைப்பட்டியல்களில் ட்விஸ்டுக்கு மேலே, டமாஸ்கஸுக்குக் கீழே ஒரு நடுத்தரப் படியாகத்தான் லேமினேட்டட் இடம்பெற்றது. பெல்ஜியத்திலிருந்து வந்த மலிவு விலைத் துப்பாக்கிகளில் லேமினேட்டட் ஸ்டீல் என்ற சொல் அலங்காரமாகவே பொறிக்கப்பட்டது. கீழே இருப்பது பல சமயம் சாதாரண ட்விஸ்ட். ஒரே சொல் பர்மிங்ஹாமில் பாராட்டு, மற்ற இடங்களில் வெறும் விலைக்குறி. இதை மறந்து, ஆங்கில நூலில் படித்த புகழ்ச்சியை எடுத்து பெல்ஜிய மலிவுக் குழலுக்குச் சூட்டுவது அன்றாடம் நடக்கிறது.

இரண்டு குழல்களுக்கும் நடுவே ஓடும் ரிப்பில் பொறித்த எழுத்தை நம்பக்கூடாது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. குழல் செய்த இடமும் துப்பாக்கி கூட்டிய இடமும் விற்ற இடமும் மூன்று வெவ்வேறு ஊர்களாக இருக்கலாம். லியேஜுக்குக் கிழக்கே வெஸ்த்ரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், நெசோன்வோ போன்ற சிற்றூர்களில், நீராற்றலும் நிலக்கரியும் பக்கத்திலிருக்க, குடும்பம் குடும்பமாகக் குழல் அடித்தார்கள். அங்கிருந்து கரடுமுரடான குழல்கள் கப்பலேறிப் போயின. அமெரிக்காவில் பார்க்கர், எல்.சி. ஸ்மித் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் அவற்றை வாங்கின. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பர்மிங்ஹாம் பட்டறைகளும் கணிசமாக வாங்கின. ஆகவே ஆங்கிலப் பெயர் தாங்கிய துப்பாக்கியில் பெல்ஜிய க்ரோல் கோலம் இருப்பது முரண்பாடல்ல. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் பி.ஆர். அண்ட் சன்ஸ், ஓக்ஸ் கம்பெனி போன்ற கடைகள் தங்கள் பெயரைப் பொறித்துத் துப்பாக்கி விற்றன. அந்தப் பெயர் கடையைக் காட்டுகிறது. குழலை அடித்த கொல்லரைக் காட்டவில்லை. பழைய ஜமீன் குடும்பங்களில் தங்கிப்போன துப்பாக்கிகளைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்திருப்பது நல்லது.

போலிகள் இரண்டு வகை. சாதாரண எஃகுக் குழலின் மேல் அமிலத்தாலோ வண்ணத்தாலோ சுருள் கோலத்தைப் பதித்தது ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலிவுச் சந்தைக்காக இது ஏராளமாகச் செய்யப்பட்டது. கை பிடிக்கும் இடத்தில் கோலம் தேய்ந்து வெறும் எஃகு தெரியும். சுருள்கள் அச்சடித்தது போல ஒரே மாதிரி வரும்; பொருத்துக்கோடு இருக்காது. சிலவற்றில் கோலம் ரிப்பின் மேலும் தொடர்ந்து ஏறிப் போகும். அசல் குழலில் ரிப் தனியாக ஒட்டிய துண்டு. குழலின் கோலம் அதன்மேல் தொடர வழியே இல்லை. இந்த ஒரு இடத்தைப் பார்த்தாலே பல போலிகள் பிடிபட்டுவிடும்.

இரண்டாவது வகை இதற்கு நேர்மாறானது. அசல் டமாஸ்கஸ் குழலின் மேல் நீலக் கறுப்பு முலாம் ஏற்றிக் கோலத்தையே மறைத்துவிடுவது. டமாஸ்கஸ் ஆபத்து என்ற பேச்சு பரவிய பிறகு, விற்பதற்காக இப்படிச் செய்தார்கள். கொதிக்கும் காரக் கரைசலில் முக்கிச் செய்யும் நீலமிடல் இரண்டு குழல்களையும் ரிப்பையும் இணைக்கும் ஈயப் பற்றைத் தின்றுவிடும். கோலமும் போய், குழலும் பிரிந்து நிற்கும். முன்கட்டையின் கீழ் ஒரு கடுகளவு இடத்தில் மிகவும் நீர்த்த ஃபெரிக் குளோரைடைத் தொட்டு, உடனே துடைத்து எண்ணெய் பூசினால், கறுப்பின் கீழ் கோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உரிமையாளரின் சம்மதமில்லாமல் இதைச் செய்யக்கூடாது. அருங்காட்சியகப் பொருளில் செய்யவே கூடாது. அமிலமின்றிச் சொல்ல இன்னொரு வழியும் உண்டு. உட்குழலில் துரு அரித்த குழிகள் வரிசை கட்டிச் சாய்வாக ஏறினால், அவை பட்டையின் பொருத்தைப் பின்பற்றிப் போகின்றன என்று பொருள். சாதாரண எஃகில் குழிகள் இப்படி வரிசை பிடிக்காது.

சோதனை முத்திரைகள் காலத்தைச் சொல்லும், கோலத்தைச் சொல்லாது. ஆனாலும் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். லியேஜ் முத்திரை ஒரு நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளும் நட்சத்திரமும்; 1893 முதல் அதன்மேல் கிரீடம் ஏறியது. பர்மிங்ஹாம் சோதனைச் சாலை 1813இல் அமைந்தது. குறுக்காக வைத்த செங்கோல்களும் கிரீடமுமாக இருந்த அதன் பழைய முத்திரைகள் 1904 விதிகளில் மாறி, கிரீடத்தின் கீழ் பி.பி., பி.வி., என்.பி. என்ற எழுத்துகள் வந்தன. ‘நாட் ஃபார் பால்’ என்று பொறித்திருந்தால் 1875க்கும் 1887க்கும் இடைப்பட்டது. அமெரிக்காவுக்குப் போன பெல்ஜியத் துப்பாக்கியில் நாட்டின் பெயர் இருந்தால் அது 1891க்குப் பிந்தையது. அந்த ஆண்டிலிருந்துதான் அங்கு இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் கட்டாயமாயிற்று. ரிப்பில் இருக்கும் ஆங்கிலப் பெயரும் அடியில் இருக்கும் ஈ.எல்.ஜி. முத்திரையும் மோதினால் அடியில் இருப்பதையே நம்ப வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொருளை விட முடியாது. டமாஸ்கஸ் குழல் எல்லாமே புகையில்லா மருந்துக்கு ஆகாது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் பிரிட்டனில் இன்றும் நைட்ரோ எனப்படும் புகையில்லா மருந்துச் சோதனையில் தேறி முத்திரை பெற்ற டமாஸ்கஸ் குழல்கள் உள்ளன. 1891 சோதனையும் கோலமிட்ட குழலைப் பலவீனமாகக் காட்டவில்லை. அதே சமயம், கோலம் அழகாக இருப்பதை வைத்துக் குழல் வலுவானது என்று சொல்வதும் அவ்வளவே தவறு. நூறாண்டுத் துரு உட்குழலை எவ்வளவு அரித்திருக்கிறது, சுவர் எங்கே எவ்வளவு மெலிந்திருக்கிறது, பற்று விட்டிருக்கிறதா என்பதெல்லாம் கருவிகொண்டு அளக்க வேண்டியவை. அக்காலத்து 12 போர் துப்பாக்கிகளின் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது விரிய இடமிருக்காது, அழுத்தம் ஏறும். சுட்டுப் பார்த்துச் சோதிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் சார்ந்த கேள்வியும் இருக்கிறது. பழையது என்பதாலேயே விலக்கு என்று யாரும் எண்ணிக்கொள்ளக் கூடாது. சரி செய்தாலும் சுட முடியாத நிலையில் உள்ளதா என்பதைச் சட்டம் தனியே பார்க்கிறது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சொல். ஏலப் பட்டியலிலும் அருங்காட்சியக அட்டையிலும் ‘டமாஸ்கஸ் குழல், அழகிய வேலைப்பாடு’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். பதிலாக இப்படி எழுதினால் அடுத்து வருகிறவருக்கு உதவும்: மூன்று புரி, புரிகள் மாற்றி மாற்றி முறுக்கியவை, அடுக்கு கட்ட ஒழுங்கில், கோலம் சுற்றுக்குச் சுற்று மாறாமல் திரும்புகிறது, அடிப்பகுதியில் ஈ.எல்.ஜி., கிரீடமில்லை, வலக் குழலில் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நசுங்கி எடுத்த இடத்தில் சுருள் நீண்டுள்ளது, ரிப்பில் ‘லேமினேட்டட் ஸ்டீல்’ என்று பொறித்திருக்கிறது, குழல் அப்படியல்ல.